வளைவில் தெரியும் வித்தை

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது வேகம் ஒன்றே. ஆனால் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் வளைவுகளில்தான் முடிவாகின்றன என்பதை அறிவீர்களா, தோழியரே?

இப்பந்தயம் நம் ஊருக்குப் புதிதன்று. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் அமைந்தது.

சென்னையில் உருவான பழைய 350 சி.சி. புல்லட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ. இத்தகைய எஞ்சின் மிக வேகமாகச் சுழலாது. ஆனால் மெதுவாகச் சுழலும்போதே நல்ல திருப்புவிசை தரும். வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டியை உந்துவது இவ்விசையே.

இதனைச் சக்கரத்தில் கூட்டுவது எப்படி? பின்சக்கரத்தின் ஸ்பிராக்கெட்டில் 40 பற்களுக்குப் பதில் 44 பற்கள் வைத்தால், திருப்புவிசை பத்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் அதே எஞ்சின் சுழற்சியில் வண்டியின் வேகம் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும்!

இனி வளைவுக்கு வருவோம். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்பவர் சுமார் 45 டிகிரி சாய வேண்டும். அப்போது கால்மிதி தரையில் உரசாதிருக்க, அதனை உயர்த்திப் பின்தள்ளிப் பொருத்துவர். ஸ்பிரிங் மிகக் கடினமானால் மேடுபள்ளத்தில் டயர் துள்ளும். மிக மென்மையானால் வண்டி ஆடும். திருப்புவிசையை அளவுக்கு மீறிக் கொடுத்தால் பின்சக்கரம் வழுக்கும். வளைவதும் உந்துவதும், உள்ளங்கையளவே தரையைத் தொடும் டயரின் பிடிப்பால்தான்.

வேகம் இரு மடங்கானால் வளைவதற்குத் தேவையான பிடிப்போ நான்கு மடங்காகிறது. பந்தயத்தளத்தில் சுத்தமான தரை உண்டு. எதிரே வண்டி வராது. ஆவடி சாலையிலோ மணல் உண்டு, தண்ணீர் லாரி உண்டு, பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டு. ஆகவே, வண்டியைச் சாய்த்து ஓட்ட ஆசைப்படும் நம் அண்ணன்மாருக்கு இக்கணக்கைச் சொல்லிக் கொடுப்போம். வித்தை தளத்தில் இருக்கட்டும். சாலையில் நிதானம் இருக்கட்டும்.