பிராணவாயுவுக்கும் அளவு உண்டு

2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது கொல்கத்தாவில் பிராணவாயு சிலிண்டருக்காக மக்கள் அலைந்ததை இங்குள்ள தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின், "பிராணவாயு எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதான்" என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிவிட்டது. அது சரியல்ல. குறிப்பாக, 'எக்மோ' கருவியில் இருக்கும் நோயாளிக்கு அது பொருந்தாது.

எக்மோ என்ற பெயர் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதாவுக்கும், 2020-ல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் சென்னையில் இக்கருவி பொருத்தப்பட்டது. இருதயமோ நுரையீரலோ ஓய்ந்த நிலையில், ரத்தத்தை வெளியே எடுத்து, கரியமில வாயுவை நீக்கி, பிராணவாயுவைச் சேர்த்து உடலுக்குத் திருப்பி அனுப்புவது இதன் வேலை.

நல்ல உடல்நிலையில் தமனி ரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 100 மில்லிமீட்டர். எக்மோவில் இது 300-க்கு மேலும் போகக்கூடும். ரத்த ஓட்டம் குறைந்திருந்த உறுப்புகளில் இந்த அதிகப்படி வாயுவால் நச்சுப் பொருள்கள் உண்டாகி, மூளையையும் இருதயத்தையும் தாக்கலாம். அளவு மிக அதிகமாயிருந்த நோயாளிகளிடையே மரணமும் கூடுதல் எனப் பல ஆய்வுகள் காட்டின. ஆயினும், அளவைக் கட்டுப்படுத்திப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் தெளிவான ஆதாயம் தெரியவில்லை. விவாதம் தொடர்கிறது.

எனவேதான் டாக்டர்கள் அடிக்கடி ரத்தத்தைச் சோதித்து வாயுவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். குறைத்தால், "கைவிட்டுவிட்டார்களே" என்று உறவினர்கள் பதற வேண்டாம். கூட்டச் சொல்லி நர்ஸை வற்புறுத்தவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் என்ன அளவு வந்தது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.