மகனுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம்



உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது? கைபேசியில் அனுப்பிய இரண்டு வரிச் செய்தியை நான் கேட்கவில்லை. காகிதமும் பேனாவும் எடுத்து, அமர்ந்து, "அன்புள்ள மகனே" என்று தொடங்கி, உள்ளத்தில் உள்ளதை எழுதிய கடிதத்தைக் குறித்தே கேட்கிறேன். நம்மில் அநேகர் ஒருமுறைகூட எழுதியிருக்கமாட்டோம். பிழைப்பைத் தேடி மும்பைக்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் வந்த நாம், பிள்ளைகளைக் கடன் வாங்கிப் படிக்க வைத்தோம். மாதத் தவணை கட்டி வீடு வாங்கினோம். ஆயினும் நாம் யார், நம்மைக் கர்த்தர் எப்படி நடத்தினார் என்பதை அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோமா?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஓர் அமெரிக்க நாவல். அதை எழுதியவர் மெரிலின் ராபின்சன் அம்மையார். "போதகர் ஐயா, நம்முடைய பத்திரிகையில் கதைப் புத்தகத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். தாவீது ராஜாவின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்ப நாத்தான் தீர்க்கதரிசி ஒரு கதையைத்தான் சொன்னார் (2 சாமுவேல் 12). நம் ஆண்டவரும் உவமைகளினாலேயே ஜனங்களுக்குப் போதித்தார். ராபின்சன் அம்மையார் நம்மைப் போன்ற பெந்தெகொஸ்தே விசுவாசி அல்லர். காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தவர். 1834-இல் மதுரையில் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளில் பெரும்பாலோர் அந்தச் சபை மரபிலிருந்து வந்தவர்களே. அவருடைய கருத்துகள் அனைத்தும் நமக்கு ஏற்புடையவை அல்ல. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி வேதம் நமக்குக் கற்பிக்கிறதல்லவா?

ஏரிக்கரையில் பிறந்தவர்

அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள ஐடஹோ மாநிலத்தில், மலைகளும் பெரியதோர் ஏரியும் சூழ்ந்த சாண்ட்பாயின்ட் என்னும் சிற்றூரில், 1943-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தையார் மரத் தொழிலில் இருந்தவர். குடும்பம் பிரஸ்பிட்டேரியன் சபையைச் சார்ந்தது. சிறுவயதிலேயே அவருடைய அண்ணன், தான் ஓவியனாகப் போவதாகவும், தங்கை கவிஞராக வேண்டும் என்றும் தீர்மானித்துவிட்டாராம். அண்ணன் பின்னாளில் கலை வரலாற்று அறிஞரானார். தங்கை எழுத்தாளரானார். சிறு பிள்ளையிடம் பேசப்படும் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு வல்லமை இருக்கிறது பாருங்கள்.

பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெம்ப்ரோக் மகளிர் கல்லூரியில் 1966-இல் பட்டம் பெற்ற அவர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றை ஆராய்ந்து 1977-இல் முனைவரானார். ஆய்வுக்கு நடுவே, மனதில் தோன்றிய உவமைகளைத் தனித்தனித் தாள்களில் எழுதி வைத்தார். பின்பு அவற்றை எடுத்துப் பார்த்தபோது, அவை ஒன்றோடொன்று இணைந்து ஒரு கதையாகக் கூடிவருவதைக் கண்டார். அதுவே 1980-இல் வெளிவந்த 'ஹவுஸ்கீப்பிங்' என்னும் முதல் நாவல். தாயை இழந்த இரண்டு சகோதரிகள் ஓர் ஏரிக்கரை ஊரில் வளரும் கதை அது. முதல் நாவலுக்கென வழங்கப்படும் ஹெமிங்வே விருது அதற்குக் கிடைத்தது. 1987-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இருபத்து நான்கு ஆண்டுகள்

இத்தனை புகழ் பெற்றவர் அடுத்த ஆண்டே இன்னொரு நாவலைக் கொண்டுவருவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அவருடைய இரண்டாவது நாவல் வெளிவர 24 ஆண்டுகள் சென்றன.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு புதல்வர்களை வளர்த்தார். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணுசக்தி நிலையத்தின் கழிவுகள் கடலில் விடப்படுவதைக் கண்டித்து 1989-இல் ஒரு நூல் எழுதினார். 1991 முதல் ஐயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பயிலரங்கில் இளம் எழுத்தாளர்களுக்குக் கற்பித்தார். வேதத்தையும், சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வினின் நூல்களையும் ஆழ்ந்து வாசித்தார். கால்வினை வாசிக்காமலேயே அவரைப் பழிப்பவர்களுக்கு மறுமொழியாக 1998-இல் கட்டுரைகளை வெளியிட்டார். ஆனால் நாவல் மாத்திரம் வரவில்லை.

பின்பு ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் விடுதியில், தம் புதல்வர்களின் வருகைக்காக அவர் காத்திருந்தார். கையில் பேனாவும் வெற்றுத் தாளும் இருந்தன. வயது முதிர்ந்த ஒரு போதகர், தம் சிறு மகனுக்குக் கடிதம் எழுதும் குரல் அவர் உள்ளத்தில் எழுந்தது. பிள்ளைகளுக்காகக் காத்திருந்த தாயின் கையிலிருந்து, பிள்ளைக்குத் தகப்பன் எழுதும் கடிதம் பிறந்தது!

அந்தக் கடிதமே 2004-இல் வெளிவந்த 'கிலியட்' நாவல். நம் வேதாகமத்தில் 'கீலேயாத்' என்று வாசிக்கிறோமே, அதே பெயர்தான். பிசின் தைலத்துக்குப் பெயர்பெற்ற கீலேயாத்தைக் குறித்து எரேமியா தீர்க்கதரிசி கண்ணீரோடு கேட்ட கேள்வியை நாம் அறிவோம் (எரேமியா 8:22). 2005-இல் இந்நாவல் அமெரிக்காவின் உயரிய புலிட்சர் பரிசைப் பெற்றது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

சொத்து இல்லாத போதகர்

கதை 1956-ஆம் ஆண்டில், ஐயோவா மாநிலத்தில் கற்பனையாகப் படைக்கப்பட்ட கிலியட் என்னும் சிற்றூரில் நடக்கிறது. போதகர் ஜான் ஏம்ஸுக்கு வயது 76. இருதய நோயினால் தம் நாட்கள் முடியப்போகின்றன என்று அறிந்திருக்கிறார். மகனுக்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை. அவன் வளர்ந்து பெரியவனாகும்போது தாம் இருக்கமாட்டோம் என்பதால், என்றோ ஒரு நாள் அவன் வாசிக்கும்படி எழுதி வைக்கிறார்.

இளவயதிலேயே முதல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்தவர் அவர். அதன்பின் பல பத்தாண்டுகள் தனிமையில் ஊழியம் செய்தார். ஒரு நாள், மழை பெய்துகொண்டிருந்த ஓர் ஆராதனை வேளையில், முன்பின் அறியாத ஒரு பெண் ஆலயத்துக்குள் வந்து அமர்ந்தாள். அவளே பின்பு அவருக்கு மனைவியானாள். அது எந்த நாள் தெரியுமா? பெந்தெகொஸ்தே ஞாயிறு! இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்து ஆண்டவரை ஸ்தோத்திரித்தேன்.

மனைவிக்கும் மகனுக்கும் விட்டுச்செல்லத் தம்மிடம் பணம் இல்லையே என்பது போதகர் ஏம்ஸின் துயரம். மேல்மாடியில் பெட்டி பெட்டியாக இருப்பதெல்லாம் அவர் எழுதிய பிரசங்கங்கள் மாத்திரமே. ஆண்டுக்கு 50 பிரசங்கம், 45 ஆண்டுகள், ஒன்றுக்கு 30 பக்கம் என்று அவரே கணக்கிட்டு, 67,500 பக்கங்கள் என்று கண்டறிகிறார். ஊழியக்காரருடைய வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டிகளின் அர்த்தம் விளங்கும்.

கையை நீட்டிய மகன்

ஆனாலும் இந்தப் போதகருக்கு ஒரு பெரிய போராட்டம் உண்டு. அவருடைய உயிர் நண்பர் ராபர்ட் பௌட்டன், பிரஸ்பிட்டேரியன் போதகர். அவருடைய மகன் ஜாக்குக்குத் தம் நண்பரின் பெயரையே வைத்திருந்தார். ஞானஸ்நானம் கொடுத்தவரும் ஏம்ஸ்தான். ஜாக்கோ வழிதப்பிப்போனான். ஓர் ஏழைப் பெண்ணைக் கெடுத்துக் கைவிட்டான். அவளுக்குப் பிறந்த குழந்தை வறுமையில் மாண்டது. இருபது ஆண்டுகள் கழித்து அவன் ஊருக்குத் திரும்பி வருகிறான். வாழ்நாளெல்லாம் மன்னிப்பைப் பிரசங்கித்த ஏம்ஸினால் அவனை நேசிக்க முடியவில்லை. தாம் மரித்தபின் தம் மனைவியையும் மகனையும் இவன் நெருங்கிவிடுவானோ என்று அஞ்சுகிறார்.

இறுதியில் ஜாக் தன் இரகசியத்தைச் சொல்லுகிறான். கறுப்பினப் பெண் ஒருத்தியை அவன் மனைவியாகக் கொண்டிருக்கிறான். ஒரு மகனும் உண்டு. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணம் செய்வதை அன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமே தடுத்தது. 1967-இல்தான் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களை நீக்கிற்று. தன் குடும்பத்தோடு கிலியட்டில் வாழ இடமுண்டா என்று அவன் தேடி வந்தான். இடமில்லை என்று கண்டுகொண்டான். ஜாதியின் நிமித்தம் பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே நிறுத்தும் நமக்கு இது அந்நிய தேசத்துக் கதைதானா?

அவன் ஊரைவிட்டுப் போகும் நாளில், முதிர்ந்த போதகர் அவனோடுகூடப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்து செல்கிறார். அங்கே அவன் நெற்றியில் கைவைத்து, ஆரோன் கூறும்படி கர்த்தர் கற்பித்த ஆசீர்வாதத்தை (எண்ணாகமம் 6:24-26) கூறுகிறார். இந்த ஒரு ஆசீர்வாதத்துக்காகவே தாம் இத்தனை ஆண்டுகள் ஊழியம் செய்ததுபோல அவருடைய உள்ளம் நிறைந்துவிடுகிறது.

இதே கதையை ஜாக்கின் வீட்டுக்குள் இருந்து சொல்லும் நாவல் 2008-இல் வெளிவந்த 'ஹோம்'. அது 2009-இல் பிரிட்டனின் ஆரஞ்சுப் பரிசைப் பெற்றது. அதில் நெஞ்சைப் பிளக்கும் ஒரு காட்சி உண்டு. விடைபெறும் மகன் தகப்பனை நோக்கிக் கையை நீட்டுகிறான். இருபது ஆண்டுகள் அவனுக்காக அழுது ஜெபித்த தகப்பன், முதுமையினாலும் ஏமாற்றத்தினாலும் களைத்துப்போய், தம் கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறார்.

லூக்கா 15-இல் நாம் காணும் தகப்பன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நம்முடைய பலம் பௌட்டன் ஐயாவின் பலத்தைப்போல் தீர்ந்துபோகும். பரம தகப்பனுடைய இரக்கத்துக்கோ முடிவில்லை.

கிருபையின் பாதை

2014-இல் 'லைலா' என்னும் நாவல் வந்தது. மழையில் ஆலயத்துக்குள் வந்த அந்தப் பெண்ணின் கதை அது. அநாதையாய் அலைந்து திரிந்த அவள், வேதாகமத்தைப் பார்த்து எழுதியே எழுதப் பழகுகிறாள். வெளியிலே எறியப்பட்ட பெண் குழந்தையைக் கர்த்தர் கண்டு எடுத்த எசேக்கியேல் 16-ஆம் அதிகாரத்தில் தன்னையே காண்கிறாள். 2020-இல் 'ஜாக்' வெளிவந்தது. 2012-ஆம் ஆண்டுக்கான தேசிய மனிதவியல் பதக்கத்தை அதிபர் ஒபாமா அம்மையாருக்கு அணிவித்தார். 2015 செப்டம்பரில் அதே அதிபர் ஐயோவாவுக்கு வந்து, அவரைப் பேட்டி கண்டார். 2016-இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அம்மையார், எண்பது வயதில், 2024-இல், ஆதியாகமத்தைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார்.

அவருடைய பரிசுகளைவிட அந்த 24 ஆண்டுகளே என்னோடு அதிகமாய்ப் பேசின. மோசே மீதியானில் ஆடு மேய்த்த 40 ஆண்டுகளும் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு வீணான காலமே. தையல் கூடத்திலும், பாதுகாவலர் பணியிலும், அலுவலக மேசையிலும் உங்கள் ஆண்டுகள் ஓசையின்றிக் கழிகின்றனவா? சோர்ந்துபோகாதிருங்கள். அந்த ஆண்டுகளில் கர்த்தர் உங்களுக்குள் ஒரு கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் எழுதுங்கள்

ஊரிலிருந்து நம் தகப்பன்மார் அனுப்பிய இன்லண்ட் கடிதங்கள் நினைவிருக்கிறதா? மடிக்கும் ஓரத்திலும் இடம் விடாமல், ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஜெபத்தில் முடித்திருப்பார்கள். இன்று நம் பிள்ளைகளில் அநேகருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. "ஐயா, நான் தமிழில் எழுதினால் என் மகன் எப்படி வாசிப்பான்?" என்று கேட்பீர்கள். போதகர் ஏம்ஸும் அன்று வாசிக்க இயலாத பிள்ளைக்கே எழுதினார். நீங்கள் எழுதுங்கள். ஒருநாள் அவன் அதை வாசிக்க விரும்புவான். அதற்காகவே தமிழ் எழுத்தைக் கற்றாலும் கற்பான். இன்றே வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவனோடு அமர்ந்து அந்த எழுத்துகளைக் கற்றுக்கொடுங்கள்.

ரயில் ஏறி இந்த நகரத்துக்கு வந்த முதல் இரவில் எங்கே தூங்கினீர்கள்? யார் உங்களைச் சபைக்கு அழைத்துச் சென்றார்கள்? எந்த ஜெபத்துக்குப் பதில் வந்தது? எதற்கு இன்னும் காத்திருக்கிறீர்கள்? எங்கே தவறினீர்கள்? அதையும் எழுதுங்கள். பிழையில்லாத தமிழ் வேண்டாம். பொய்யில்லாத உள்ளம் போதும்.

ஒருவேளை உங்கள் ஜாக் இன்னும் வீடு திரும்பாமல் இருக்கலாம். ஒருவேளை உங்கள் விருப்பத்துக்கு விரோதமாய் மணம் செய்தான் என்பதற்காக நீங்களே அவனோடு பேச்சை நிறுத்தியிருக்கலாம். கையை நீட்டி அவன் நிற்கும் நாளில் உங்கள் கையை இழுத்துக்கொள்ளாதிருங்கள். பேருந்து புறப்படும் முன் அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதியுங்கள்.

"பிதாவே, எங்கள் பிள்ளைகளுக்குப் பொருளைச் சேர்த்தோம், வார்த்தையைச் சேர்க்க மறந்தோம். எங்களை மன்னியும். எங்கள் கைகளை ஆசீர்வாதத்தின் கைகளாக மாற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்."