நாமினி வேறு, வாரிசு வேறு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், ஹவுசிங் சொசைட்டி நிர்வாகம் கற்றுத் தரும் மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மும்பையில் இந்தப் பயிற்சிக்கு நல்ல மதிப்பு உண்டு. கணக்கும் எழுதி, மினிட்ஸும் எழுதி, சட்டமும் ஓரளவு அறிந்த மானேஜரைச் சொசைட்டிகள் தேடிக்கொண்டே இருக்கின்றன.

சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஆசிரியர் ஆளுக்கொரு ஃபைலைக் கொடுப்பார். முடிவை நாங்கள் எழுத வேண்டும். ஒருநாள் வந்த ஃபைல் இது: ஃபிளாட் உறுப்பினர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மனைவி, மகன், மணமாகி வெளியூரில் வாழும் மகள். நாமினேஷன் மகன் பெயரில். கமிட்டியின் தீர்மானத்தை எழுத வேண்டும்.

"ஃபிளாட் மகனுக்கே சொந்தம் என்று தீர்மானிக்கப்பட்டது" என்று ஐந்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். 'சொந்தம்' என்ற சொல்லை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தார். "சொசைட்டி யாரோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வது என்பதற்குத்தான் நாமினி. சொத்து யாருக்கு என்பதை வாரிசுரிமைச் சட்டம் சொல்லும்" என்றார்.

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தமும் இதைத்தான் சொல்கிறது. உரிய வாரிசுகள் உறுப்பினராகும் வரை நாமினி தற்காலிக உறுப்பினர் மட்டுமே. கம்பெனிப் பங்குகளின் நாமினி பற்றியும் உச்ச நீதிமன்றம் 2023-இல் இதே கருத்தைக் கூறியது.

இன்னொரு தவறான எண்ணமும் அன்று உடைந்தது. பெண்களுக்குச் சொத்துரிமை 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் நாடு முழுவதும் வந்தது என்பார்கள். அது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து பற்றியது. தகப்பனார் சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்ட சொத்தில் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.)

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஃபைல் எங்கள் வீட்டுக் கதை. செம்பூர் ஃபிளாட் அப்பா சம்பாதித்தது. உயில் இல்லை, நாமினி நான். அப்பாவுக்குப் பின் ஷேர் சர்டிபிகேட்டின் பின்பக்கத்தில் என் பெயர் ஏறியது. கும்பகோணத்திலிருக்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'நகை போட்டுக் கல்யாணம் செய்தாயிற்றே' என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டது. அப்பா பங்கில் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. அம்மாவும் போனபின் அது எங்கள் இருவருக்கும். கணக்குப் பார்த்தால் அக்காவுக்குச் சரிபாதி. கட்டடமோ ரீடெவலப்மெண்டுக்குப் போகும் நேரம்.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு எதுக்கு தம்பி, நீயே வச்சுக்கோ" என்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்! அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இப்பவாவது கேட்டியே. என் பேரும் இருக்கட்டும்" என்றாள். ஒரு கணம் மனம் சுருங்கத்தான் செய்தது. ஆனாலும் வக்கீலை வைத்துக் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். இன்று சர்டிபிகேட்டில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. பொங்கலுக்கு அக்கா வந்து, "நம்ம வீடு" என்று சொல்லி இங்கே பத்து நாள் தங்கினாள்.

அன்பர்களே, நாமினேஷன் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். யாருக்கு எவ்வளவு என்று உயில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை வாங்கி வையுங்கள். உடன்பிறந்தவர் பங்கை விட்டுக்கொடுத்தால் வெள்ளைத்தாள் கடிதம் போதாது. விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஊரில் இருக்கும் அக்கா தங்கையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.