மெல்ல நகரும் காட்சி



தொலைக்காட்சியில் பூப்பந்தாட்டம் பார்க்கிறோம். ஆட்டக்காரர் எம்பிக் குதித்துப் பந்தை ஓங்கி அடிக்கிறார். அடுத்த கணம் அதே காட்சி மெல்ல நகர்ந்து, மணிக்கட்டு திரும்புவதுகூட நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நாம் சாதாரணமாக எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டினால், காட்சி விட்டு விட்டு நகர்கிறது. இது ஏன்? இதனைச் சீராக்குவது எப்படி? இன்று இதைப் பற்றிக் காண்போம்.

ஓடும் படம் என்பது உண்மையில் ஓடாத படங்களின் வரிசையாகும். நம் நாட்டுத் தொலைக்காட்சி விநாடிக்கு 25 படங்கள் என்னும் கணக்கைக் கைக்கொண்டது. ஒரு விநாடிக் காட்சியை நான்கு விநாடிக்கு நீட்டினால் 100 படங்கள் தேவை. கையில் இருப்பவையோ 25. மீதி 75 படங்களுக்கு எங்கே போவது? சிக்கல் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

இதற்கு நேர்மையான விடை, எடுக்கும்போதே அதிகமாக எடுத்துவிடுவது. ஆஸ்திரியப் பாதிரியார் அவுகுஸ்ட் முஸ்கர் 1904இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். விரைவாகப் படமெடு, வழக்கமான வேகத்தில் காட்டு என்பதே இதன் அடிப்படை. இன்று பல கைப்பேசிகள் விநாடிக்கு 120, 240 படங்கள் எடுக்கின்றன. அவ்வளவு வேண்டாம், விநாடிக்கு 60 படங்கள் எடுத்து 25ஆக ஓட்டினாலே காட்சி 2.4 மடங்கு மெதுவாகும். அதில் ஒரு படம்கூடக் கற்பனையன்று.

முன்பே சாதாரண வேகத்தில் எடுத்துவிட்ட படத்திற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, ஒவ்வொரு படத்தையும் பல முறை காட்டுவது. கால் வேகத்தில் ஓட்டினால் ஒரே படம் நான்கு முறை வரும். ஆகவே காட்சி நின்று நின்று நகரும். இரண்டாம் வழி, அடுத்தடுத்த இரு படங்களைக் கலந்து நடுவில் வைப்பது. தயக்கம் குறையும், ஆனால் வீசும் கை ஒன்று, நிழல்போல் இரண்டாகத் தெரியும்.

மூன்றாம் வழியே சிறந்தது. முதல் படத்தில் இங்கிருந்த ஒரு புள்ளி, அடுத்த படத்தில் எங்கே போயிற்று என்று கணினி தேடுகிறது. வந்த வழியையும் தொலைவையும் அறிந்தால், நடுவழியில் அது எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டுப் புதுப் படம் வரையலாம். இவ்வகை அசைவுக் கணக்கீட்டுக்கு ஹார்ன், ஷங்க் என்னும் இரு ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட கட்டுரை ஓர் அடித்தளமாயிற்று. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ போன்ற மென்பொருள்களில் ‘ஆப்டிகல் ஃப்ளோ’ என்னும் பெயரில் இவ்வழி இருக்கிறது.

ஆனால் கணினி செய்வது ஊகமே. பத்துமலையின் 272 படிகளுக்கு முன்னால் ஒருவர் காவடி எடுத்துச் சுழன்றாடுகிறார் என வைத்துக்கொள்வோம். படிகள் ஒன்றுபோலவே இருப்பதால், எந்தப் படி எது என்று கணினி குழம்பும். காவடி மறைத்திருந்த இடம் வெளிப்படும்போது, அங்கே என்ன இருந்தது என்பதும் அதற்குத் தெரியாது. விளைவு, காவடியின் ஓரங்கள் நீரில் தெரியும் நிழல்போல் நெளியும்.

எனவே சில விதிகளை மனத்தில் கொள்ளுங்கள். கேமராவைத் தாங்கியில் நிறுத்துங்கள். பின்னணி எளிமையாக இருக்கட்டும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் ஓரங்கள் கலங்காமல் தெளிவாகப் பதியும். அதற்கு வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், அறை விளக்கின் கீழ் நூறில் ஒரு விநாடி பாதுகாப்பானது. அதைவிட விரைவானால் சில விளக்குகள் மினுக்கும். தொகுக்கும்போது தேவையான துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பாதி வேகத்தோடு நிறுத்துங்கள். கால் வேகத்திற்குப் போனால் நெளிவு கூடும். நெளியும் சில படங்களில் மட்டும் இரண்டாம் வழிக்கு மாறலாம்.

நேயர்களே, முக்கியமான ஒன்று எஞ்சியிருக்கிறது. 2013இல் நம் டான் பூன் ஹியோங் ஒரு சோதனையில் அடித்த பந்தின் வேகம் மணிக்கு 493 கிலோமீட்டர். அவ்வேகத்தில் செல்லும் பந்து, 25இல் ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். அவ்விடைவெளியில் பந்து எங்கெங்கே இருந்தது என்பதைக் கேமரா பார்க்கவில்லை, கணினியும் பார்க்கவில்லை. கணினி வரைந்த நடுப்படத்தில் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால், அது சான்றாகாது. சாலை விபத்தைப் பதிவு செய்த படத்திற்கும் இதுவே பொருந்தும். யார் மீது குற்றம் என்று முடிவு செய்யும் இடத்தில், கேமரா உண்மையில் எடுத்த படங்களை மட்டுமே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

திருமண மேடையில் அட்சதை மெல்லப் பொழிவது கண்ணுக்கு விருந்து. அங்கே ஊகம் யாரையும் வருத்தாது. வழக்கு என்று வந்துவிட்டால், ஊகம் ஒருவரின் வாழ்வையே கெடுத்துவிடக்கூடும். ஆகவே மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். மெதுவாக்கிய படத்தைப் பிறருக்குக் காட்டும்போது, இது மெதுவாக்கப்பட்டது என்று சொல்லிவிடுங்கள்.