பூமிக்குள் இருக்கும் செல்வத்தை மதிப்பிடுவது எப்படி?

களத்தில் குவிந்த தானியத்தை வள்ளத்தால் அளந்து, சந்தை விலையால் பெருக்கி மதிப்பிடுவது நம் குடியானவர்கள் நன்கறிந்த கணக்கு. பூமிக்குள் புதைந்துள்ள கனிமத்தையும் மதிப்பிடலாம். ஆனால் அதன் முறை வேறு. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல், சேலத்தில் வெள்ளைக்கல், கஞ்சமலையில் இரும்புத்தாது எனக் கனிமங்கள் பல உடையது கொங்கு நாடு. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் இக்கணக்கை அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலாவது, அளவு. ஆங்காங்கே துளையிட்டு, கல்லின் ஆழத்தையும் தரத்தையும் காண்பர். ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 மீட்டர் கனத்துக்குச் சுண்ணாம்புக்கல் உண்டெனில், அது ஒரு லட்சம் கன மீட்டர். கன மீட்டருக்கு இரண்டரை டன் வீதம், எடை இரண்டரை லட்சம் டன். கழிவு போக இரண்டு லட்சம் டன் கிடைப்பதாகக் கொள்வோம்.

இரண்டாவது, தகுதி. இருப்பதெல்லாம் செல்வமாகிவிடாது. கஞ்சமலைத் தாதில் இரும்பின் பங்கு குறைவு. அம்மலையடியில் உள்ள சேலம் உருக்காலை அத்தாதைக் கொண்டு இயங்கவில்லை. இலாபத்துடன் எடுக்கக் கூடியதையே இருப்பு எனக் கணக்கிடுதல் வேண்டும்.

மூன்றாவது, விலை. டன் 500 ரூபாய்க்கு விற்கிறது என உதாரணத்துக்குக் கொண்டால், மொத்தம் 10 கோடி ரூபாய் என்று மலைத்துவிடலாகாது. கூலி, இயந்திரம், வெடிமருந்து, வண்டிச் சத்தம், முதலீட்டுக்குரிய நியாயமான இலாபம் ஆகியவற்றுக்கு 400 ரூபாய் போனால், கல்லின் மதிப்பு டன்னுக்கு 100 ரூபாயே. ஆக மொத்தம் 2 கோடி. அதுவும் ஆண்டுக்கு 20,000 டன் வீதம் பத்தாண்டுகளில் வருவது. நூற்றுக்கு எட்டு வட்டி கழித்தால் இன்றைய மதிப்பு சுமார் 1 கோடியே 34 லட்சம் ரூபாய்தான்.

ஓராண்டின் உற்பத்தி மதிப்பு இதனின்றும் வேறு. வெட்டியெடுத்த டன்களைச் சராசரி விற்பனை விலையால் பெருக்கினால் அது கிடைக்கும். 1948-இல் தோன்றிய இந்தியச் சுரங்கத் துறை முக்கிய கனிமங்களின் சராசரி விலையை மாநில வாரியாக வெளியிட்டு வருகிறது.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. நெல் மறுபோகம் விளையும், கல் விளையாது. கனிம வருமானம் முழுவதையும் செலவிட்டுவிடுவது விதை நெல்லை உண்பதற்கு ஒப்பாகும். வற்றும் கிணறும், அழியும் மேய்ச்சல் நிலமும், தூசி படியும் பயிரும் பற்றுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவையே.

இதையுணர்ந்தே 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை ஏற்படுத்தியது. ஏலத்தில் பெற்ற முக்கிய கனிமச் சுரங்கங்கள் அரசுக்குரிய உரிமத் தொகையில் 10 சதவீதத்தையும், 2015 ஜனவரி 12-க்கு முந்திய குத்தகைகள் 30 சதவீதத்தையும் இதற்குக் கூடுதலாகச் செலுத்துகின்றன. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்கே அப்பணம் முதலில் உரியது.

ஆதலின், சுரங்கமுள்ள ஊர்களின் உறுப்பினர்கள் ஆண்டுக்கு எத்தனை டன் வெளியேறியது, எவ்வளவு உரிமத் தொகை செலுத்தப்பட்டது, அறக்கட்டளைக்கு என்ன சேர்ந்தது என்ற மூன்று எண்களைக் கேட்டறிந்து கிராம சபையில் வைப்பார்களாக. கணக்கறிந்து கேட்கும் ஊருக்கே அதன் பங்கு முழுமையாக வந்து சேரும்.