அரை மில்லி மீட்டர் புள்ளியை வென்ற கடலூர்ப் பெண்

திருவிழாக் கடைவீதியில் பலூன் சுடும் பந்தலைப் பார்த்திராதவர் உண்டா? பண்பொழித் திருமலை அடிவாரமானாலும் சரி, குற்றாலத்துச் சாரல் சீசனானாலும் சரி, துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். அத்தனை பெரிய பலூனே பல சமயம் தப்பிவிடுகிறது!

அப்படியானால், குண்டூசித் தலையை விடச் சிறிய புள்ளி ஒன்றைப் பத்து மீட்டர் தூரத்தில் வைத்துச் சுடச் சொன்னால்?

அதைச் செய்து உலகப் புகழ் பெற்றவர் ஒரு தமிழ்ப் பெண். பெயர் இளவேனில் வாலறிவன். 1999-ம் ஆண்டு கடலூரில் பிறந்தவர், அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங்கின் பயிற்சிப் பள்ளியில் இவர் தேறினார்.

கடினமான ஆட்டம்

காற்றழுத்தத் துப்பாக்கிப் போட்டியில் குறியின் நடுப்புள்ளி அரை மில்லி மீட்டர்தான். நின்றபடியே 60 குண்டுகள் சுட வேண்டும். துப்பாக்கியின் எடை ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். மூச்சு சற்றுப் பிசகினாலும் குறி விலகும். நட்ட நடுவில் பட்டால் 10.9 புள்ளி. முதல் எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்றில் இடம்.

2018-ல் சிட்னியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைப் போட்டியில் இளவேனில் தங்கம் வென்றார். 2019-ல் ரியோ டி ஜெனிரோவில் பெரியவர்களுக்கான உலகக் கோப்பையிலும் தங்கம்! உலகத் தரவரிசையில் முதலிடமும் வந்தது.

இரண்டு ஏமாற்றங்கள்

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாடே அவரை நம்பியிருந்தது. கிடைத்தது 16-வது இடம். பதக்கம் இல்லை.

அவர் துப்பாக்கியை மூலையில் சாத்திவிடவில்லை. 2022-ல் அர்ஜுனா விருது பெற்றார். 2023-ல் அதே ரியோவில் மறுபடியும் தங்கம் வென்றார்.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. 60 குண்டுகளில் 630.7 புள்ளி எடுத்தார். குண்டு ஒன்றுக்குச் சராசரி பத்தரைப் புள்ளி! அப்படிச் சுட்டும் பத்தாவது இடம்தான். இறுதிச் சுற்றுக்கு இரண்டே இடம் குறைந்தது.

வேறு யாராயிருந்தாலும் மனம் உடைந்திருக்கும். ஆனால் 2025 ஆகஸ்டில், கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இளவேனில் மீண்டும் குறி பார்த்து நின்றார். இறுதிச் சுற்றில் 24 குண்டுகளுக்கு 253.6 புள்ளி. தங்கம், அதோடு ஆசியச் சாதனை!

பரீட்சையில் ஒரு முறை தவறினால் பிள்ளையைக் கடிந்து கொள்ளும் பெற்றோர் உண்டு. புத்தகத்தை மூடி வைத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. இரு சாராரும் இந்தக் கடலூர்ப் பெண்ணின் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். போன குண்டு போனதுதான். அடுத்த குண்டு இன்னும் கையில் இருக்கிறது!