அவிழ்த்துவிட்ட நாய்: கடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

தெருநாய் தொல்லை என்றால் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ போன் போடலாம் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு நாய் என்றால்? கழுத்தில் பட்டை இருக்கிறது, நேரத்துக்குச் சோறு போட ஆள் இருக்கிறது, கேட் மட்டும் எப்போதும் திறந்தே கிடக்கிறது. நீங்கள் பிள்ளைகளோடு அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் உறுமிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுகிறது. நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய மனிதராயிற்றே என்று உங்களுக்கு வாய் வருவதில்லை.

இந்தத் தயக்கத்தில்தான் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் சுற்றுவழியில் போகின்றன, அல்லது மாலை நடையையே விட்டுவிடுகின்றன. இரண்டுக்கும் அவசியமில்லை.

"இன்னும் கடிக்கவே இல்லையே, எதை வைத்துக் கேட்பது?" என்று தோன்றும். சட்டம் கடிக்காகக் காத்திருப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 291ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். ஒருவர் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ (எலும்பு முறிவு, முகம் சிதைவது போன்ற பெரிய காயம்) நேரக்கூடும் என்றால், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை அவர் செய்தாக வேண்டும். தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்யாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நேரக்கூடும்' என்பதே போதும், நேர்ந்திருக்க வேண்டியதில்லை. இதைச் சொல்வது நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போவதற்காக இல்லை. நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் பேச்சில் தானாக ஒரு நிதானம் வரும்.

சரி, இன்று சாயங்காலமே எதிரில் வந்து நின்றால் என்ன செய்வது?

ஓடக் கூடாது. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. நம் கால்வேகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நின்றுவிடுங்கள். பிள்ளையை உங்கள் முதுகுப் பக்கம் கொண்டுவாருங்கள், சுவர் இருந்தால் சுவருக்கும் உங்களுக்கும் நடுவில். நாயின் கண்ணை நேராக முறைக்காதீர்கள். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். கையை வீசவோ கத்தவோ வேண்டாம். வீட்டு நாய் என்பதில் ஒரு வசதி, அதற்குச் சில சொற்கள் பழகியிருக்கும். "நோ", "உள்ளே போ" என்று தாழ்ந்த, அழுத்தமான குரலில் சொன்னால் சில நாய்கள் தயங்கும். தயங்கியதும் முதுகைக் காட்டாமல், பின்பக்கமாக அடி அடியாக நகருங்கள். பெரும்பாலும் அந்த நாய் காப்பது தன் வாசலைத்தான். வாசலிலிருந்து நீங்கள் விலக விலக அதன் வேகமும் குறையும்.

சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாமா? நாய் தூரத்தில் இருக்கும்போதே என்றால் தூக்கலாம். காலடிக்கு வந்த பிறகு சட்டென்று தூக்கினால், மேலே போகும் எதையும் எட்டிப் பிடிக்க அது தாவும். அந்த நேரத்தில் குழந்தை உங்களுக்குப் பின்னால் இருப்பதே நல்லது.

குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை காட்டினால் ஓடிவிடாதா? கல்லடி பட்டுப் பழகிய தெருநாய் பல சமயம் ஓடும். கல்லையே பார்த்திராத வீட்டு நாய் ஓடும் என்பது நிச்சயமில்லை. குனியும்போது உங்கள் முகம் அதன் வாய் உயரத்துக்கு வருகிறது என்பதையும் யோசியுங்கள். அதைவிடக் கையில் ஒரு குடை இருந்தால் நல்லது. மூடிய குடையை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் நீட்டிப் பிடிக்கலாம். விரித்தால் ஒரு தடுப்பே கிடைத்த மாதிரி. பிள்ளை சைக்கிளில் வந்தால் இறங்கச் சொல்லி, சைக்கிளைக் குறுக்கே நிறுத்துங்கள். கடிக்கவே வந்துவிட்டால் பை, துண்டு, துப்பட்டா எது கையில் இருக்கிறதோ அதை அதன் வாய்க்குக் கொடுங்கள். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, இரு கையாலும் கழுத்தையும் காதையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும்.

இதெல்லாம் குழந்தைக்கு எப்படிப் புரியும் என்கிறீர்களா? 'ஸ்டாச்சு' விளையாடாத பிள்ளை நம் தெருக்களில் உண்டா? வீட்டுக்குள்ளேயே விளையாடிப் பழக்குங்கள். "நாய் வந்தா அம்மா ஸ்டாச்சு சொல்வேன், கையை மடக்கிக்கிட்டுத் தரையைப் பார்த்து நிக்கணும்" என்று சொல்லி வையுங்கள். பயம் காட்டிச் சொல்லும் பாடத்தைவிட இது நினைவில் நிற்கும்.

எந்த நாய் நிஜமாகவே ஆபத்தானது என்று எப்படித் தெரியும்? குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் காலை நீட்டாதீர்கள். குரைத்துவிட்டுக் கடிக்கிற நாய்கள் நிறையவே உண்டு. குரைப்பதை நிறுத்தி, உடம்பு விறைத்து, பிடரி மயிர் சிலிர்க்க, வாயை மூடி உங்களையே பார்த்து நிற்கிறதே, அதற்குக் கூடுதலாகப் பயப்படுங்கள். வால் ஆட்டுவதும் சிநேகத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு விறைப்பாக இருந்து, உயர்த்திய வால் மட்டும் வெடவெடவென்று ஆடினால் அது எச்சரிக்கை.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். அது நாயோடு இல்லை, நாய்க்காரரோடு.

எப்போது பேசுவது? நாய் பாய்ந்து, குழந்தை அழுதுகொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் வேண்டாம். நாலு பேர் பார்க்கப் பேசினால் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும். பிறகு நாயைக் கட்டுவதே தோல்வி என்று நினைப்பார். தெரு வாட்ஸ்அப் குழுவில் முதலில் போடுவதும் இதே வினையைத்தான் செய்யும். மறுநாள் ஓய்வான நேரத்தில், நாயைப் பிடித்துக்கொள்ளும்படி முன்பே போனில் சொல்லிவிட்டு, தனியாகப் போய்ப் பாருங்கள்.

என்ன பேசுவது? "உங்க நாய் சரியில்லை" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாயை வளர்க்கிறவருக்கு அது பிள்ளை மாதிரி. நடந்ததைச் சொல்லி, உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். "அண்ணே, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாப்பாவைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் வர்றோம். நேத்தும் முந்தாநாளும் டைகர் ரோட்டுக்கே வந்துட்டான். பாப்பா ராத்திரி தூக்கத்துலகூட அழுவுறா. அந்த நேரத்துக்குக் கேட்டைச் சாத்தி வச்சிருங்கண்ணே, போதும்." பெரியவர் என்றால் ஐயாவோ மாமாவோ, புதிதாகக் குடிவந்தவர் என்றால் சார்.

"அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்ற பதில் நிச்சயம் வரும். அவர் பொய் சொல்லவில்லை, அவரை அது ஒன்றும் பண்ணாது. "உங்க கை பட்டு வளர்ந்தது, உங்களை ஒண்ணும் பண்ணாதுதான். எங்களை அதுக்குத் தெரியாதே" என்று சொல்லிப் பாருங்கள். ராஜபாளையம், கோம்பை போன்ற நம் ஊர் நாய்களை வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காவலாக வளர்ப்பதே அந்நியரை அண்டவிடாமல் இருக்கத்தானே? அந்தக் குணத்தை மெச்சி வாங்கியவர், அது ரோட்டில் போகிற அந்நியரிடமும் அதே குணத்தைக் காட்டும் என்பதை மறுக்க முடியாது.

"நாள் முழுக்கக் கட்டிப்போட்டா பாவம் இல்லையா?" என்பது அடுத்தது. இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்ளுங்கள். குட்டைச் சங்கிலியிலோ கனமான சங்கிலியிலோ வரம்பில்லாமல் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி வதைதான். எந்நேரமும் கட்டிக் கிடக்கும் நாய்க்கு எரிச்சலும் கூடும். ஆகவே சங்கிலியைக் கேட்காதீர்கள், கேட்டைக் கேளுங்கள். கேட்டுக்கு அடியில் சந்து இருந்தால் கம்பிவலை, தானாகச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங், வெளியே கூட்டிப்போகும்போது மட்டும் கையில் பிடித்த வார். வண்டியை வெளியே எடுக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பல நாய்கள் நழுவுகின்றன என்பதையும் அவருக்கு நினைவுபடுத்தலாம். வீட்டில் வயதான அம்மா மட்டும் இருந்து, அவரால் நாயைப் பிடிக்க முடியவில்லை என்பதுகூட உண்மைக் காரணமாக இருக்கலாம். போய்க் கேட்டால்தான் தெரியும்.

இரண்டு முறை பேசியும் கேட் சாத்தப்படவில்லை. பிறகு?

எழுத்துக்கு மாறுங்கள். நாய் வெளியே வந்த தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பாதுகாப்பான இடத்திலிருந்து போனில் வீடியோ எடுங்கள். இதே தொல்லை பால்காரருக்கும் பேப்பர் போடும் பையனுக்கும் இருக்கும், அவர்களையும் விசாரியுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் காதிலும் போட்டுவையுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் மூலம் கடிதம் கொடுக்கலாம். ஆனால் நாயே வளர்க்கக் கூடாது என்று தடை போடும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. நாயை வெளியேற்றச் சொல்லித் தீர்மானம் போட்டால் அவர் அதைக் காட்டியே தப்பித்துக்கொள்வார். கேட்க வேண்டியது கட்டுப்பாடு மட்டுமே.

அடுத்தது உள்ளாட்சி. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், புகாருக்கு 1913. மற்ற நகரங்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் மனு கொடுங்கள். கிராமத்தில் ஊராட்சி அலுவலகத்தில். நாய்க்கு உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் இருக்கிறதா என்று பார்க்கும்படி மனுவிலேயே கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் முதல்வரின் முகவரி எண் 1100 இருக்கிறது.

போலீஸ் இதையெல்லாம் எடுத்துக்கொள்வார்களா? மனுவில் 291ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, தேதிக் குறிப்புகளையும் வீடியோவையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்கியதற்குச் சி.எஸ்.ஆர். (மனு ஏற்பு ரசீது) கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பல இடங்களில் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவதோடு விஷயம் முடிந்துவிடும். பாதி நேரம் அதுவே போதும். முடியவில்லை என்றால், ஆபத்தான விலங்கை அடைத்து வைக்க உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு (கோட்டாட்சியர் போன்ற அதிகாரிக்கு) உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அதைச் சொல்கிறது.

அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்ததைச் சொல்லலாம். மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார். அந்த நாய்களுக்கும் ஒரு வீடு இருந்தது, வளர்த்த ஆளும் இருந்தார்.

கோபத்தில் யாராவது "மருந்து வச்சிருங்க" என்று யோசனை சொல்வார்கள். விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதுவரை உங்கள் பக்கம் இருந்த வழக்கு அந்த நிமிடமே திசை மாறிவிடும். பாவம், நாய் என்ன செய்யும், கேட்டைத் திறந்து போட்டது அதுவா?

எல்லாம் மீறிக் கடித்தேவிட்டால், சண்டை பிறகு. முதல் வேலை குழாயடி. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டும் போடாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், தடுப்பூசி இலவசம்.

"எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம். அவர் சீட்டைக் காட்டினாலும் உங்கள் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் (ரேபீஸ்) அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். அதற்கு முன்னால் தடுக்கத்தான் முடியும். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) போட வேண்டும். மருத்துவர் அவசரத்தில் விட்டுவிட்டால் நீங்களே கேளுங்கள். டெட்டனஸ் ஊசியையும் நினைவுபடுத்துங்கள்.

வீட்டு நாய் கடித்ததில் ஓர் அனுகூலம், அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும். 10 நாள் அடைத்துவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். அடித்துவிடவோ, வேறு ஊருக்கு அனுப்பிவிடவோ விடாதீர்கள். 10 நாளும் அது நலமாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். முடிவு அவருடையது, நாய்க்காரருடையதோ நம்முடையதோ இல்லை. மருத்துவச் சீட்டு, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், போலீஸ் புகாருக்கும் நஷ்டஈட்டுக்கும் அவைதான் ஆதாரம்.

தோலுக்குள் போடும் ஊசி முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். சதையில் போடுவதென்றால் 14ஆம் நாளும் ஒன்று உண்டு. முதல் ஊசி போட்ட நாள் 0 என்று கணக்கு. காயம் ஆறிவிட்டதே என்று கடைசி ஊசியை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, அந்தத் தேதியைத் தினசரி காலண்டர் தாளிலேயே இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.